காகிதத்தில் ஒரு வேஷம், போனில் ஒரு வேஷம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்ற கவலை தாய்மார்கள் எல்லோருக்கும் வந்துவிடும். வெயிலில் வெளியே அனுப்ப மனம் வராது. வீட்டில் வைத்துக்கொண்டாலோ போனும் கையுமாக ஆளுக்கொரு மூலையில் முடங்கிவிடும். "கொஞ்ச நேரம் அதைக் கீழே வைடா" என்று சொல்லிச் சொல்லி நமக்குத்தான் வாய் வலிக்கும்.

போன கோடையில் எங்கள் வீட்டுக்கு ஒரு புது விளையாட்டு வந்து சேர்ந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நாற்பதைத் தாண்டிய குடும்பப் பெண்ணுக்கு விளையாட்டில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. பிள்ளைகள் வளர்ப்பில் நமக்கு உதவுகிற விஷயம் ஒன்று அதில் இருக்கிறது.

எங்கள் ஊர் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து ஆரணிக்கும் போளூருக்கும் போகிற வழியில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. பெரியவன் வேலூரில் கல்லூரியில் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் தன் தங்கையையும், பக்கத்து வீட்டிலேயே இருக்கும் என் ஓரகத்தி மகனையும், தெருப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிவைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். நடுவில் ஒரு பழைய மேஜை. அதன்மேல் தாயக்கட்டை மாதிரி சில கட்டைகள். "என்னடா இது, சூதாட்டமா?" என்று கேட்டேன். "இல்லம்மா, இது கதை சொல்ற விளையாட்டு" என்றான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பேராம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் சேர்ந்து செய்து 1974ல் வெளியிட்டது. முதலில் போட்டது ஆயிரம் பெட்டிகள்தான். அவற்றையும் வீட்டில் வைத்தே கையால் அடுக்கி விற்றிருக்கிறார்கள். ஐம்பது வருஷம் தாண்டிய பிறகும் உலகமெங்கும் ஆடுகிறார்கள்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை சொல்லி. மற்ற ஒவ்வொருவருக்கும் கதைக்குள்ளே ஒரு ஆள். "இருட்டிப் போச்சு, எதிரே ஒரு ஆறு, பாலத்துல ஒரு காவல்காரன் நிக்கிறான், இப்ப நீ என்ன பண்ணுவே?" என்று கதை சொல்லி கேட்பார். தன் ஆள் என்ன செய்வான் என்று பிள்ளை சொல்ல வேண்டும். நினைத்தது பலிக்கிறதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு கட்டையை உருட்டித் தீர்மானிப்பார்கள். ஜெயிப்பவர், தோற்பவர் என்று யாரும் கிடையாது. கதை நகர வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆளை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பேர் என்ன, எந்த ஊர், என்ன தொழில், எதற்காக வீட்டை விட்டுக் கிளம்பினான் என்று எல்லாம் வேண்டும். கூடவே ஆறு குணங்களுக்கு மார்க்கும் போட வேண்டும்: பலம், சுறுசுறுப்பு, உடம்பின் தாங்குசக்தி, புத்தி, விவேகம், வசீகரம்.

நம் பக்கத்துப் பெண்களுக்குப் புரியும்படி சொல்வதானால் தெருக்கூத்தைத்தான் சொல்ல வேண்டும். திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் நடக்கும்போது விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள்தானே நாம்? செய்யாறு பக்கம் புரிசை என்றால் கூத்துக்கே பேர் போன ஊர். கூத்தாடுகிறவர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசி வரைந்துகொள்வார். பிறகு இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் வந்து நிற்பார். கட்டியக்காரன் "நீர் யார், எந்த தேசம்?" என்று குடைந்து குடைந்து கேட்பான். வேஷக்காரர் தன் பேர், குலம், வந்த காரியம் எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் கதை தொடங்கும். இந்த மேஜை விளையாட்டிலும் அதே கேள்விதான்: நீ யார்?

இந்தக் கேள்விக்கு விடை எழுத இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, காகிதமும் பென்சிலும். இன்னொன்று, கம்ப்யூட்டரும் போனும். 1996லேயே இதற்கென்று சி.டி. போட்டு விற்றார்களாம். 2017ல் டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையதளம் வந்தது. அதில் வரிசையாகக் கேட்கும். நாம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும். கூட்டல் கழித்தல் எல்லாவற்றையும் அதுவே போட்டுவிடும். விளையாட்டை வெளியிடுகிற கம்பெனியே 2022ல் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

ஓரகத்தி மகன் போன் கட்சி. கால் மணி நேரத்தில் ஒரு மந்திரவாதியைத் தயார் செய்துவிட்டான். புத்தி எவ்வளவு, மந்திரம் எத்தனை, உயிர்ப்புள்ளி எத்தனை என்று எல்லாம் அச்சடித்த மாதிரி நறுவிசாக வந்தது. படம்கூட ஒட்டியிருந்தது.

என் மகளிடம் போன் இல்லை. பதினொரு வயசு. அந்த வருஷம்தான் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் மாறியிருந்தாள். மாறியதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. யாராவது கேட்டால் ஒரு வார்த்தை, அதற்கு மேல் இல்லை. சரி, வயசு அப்படி, போகப் போகச் சரியாகிவிடும் என்று நாங்களும் இருந்தோம். அவள் போன வருஷத்து லாங் சைஸ் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். அண்ணன் ஒவ்வொரு விதியாகச் சொல்லச் சொல்ல, அதற்கு அவளுக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று.

குணங்களுக்கு மார்க் போடுவது வேடிக்கையான கணக்கு. ஆதியில் மூன்று கட்டை உருட்டிக் கூட்டுவார்களாம். அப்படிச் செய்தால் முழுசாகப் பதினெட்டு விழ 216ல் ஒரு தடவைதான் வாய்ப்பு. இப்போது நாலு கட்டை உருட்டி, அதில் சின்ன எண்ணைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டுகிறார்கள். அதனால் அதிர்ஷ்டம் கொஞ்சம் கூடும். என் மகள் ஆறு தடவை உருட்டியதில் 16, 14, 14, 12, 10 என்று நல்ல எண்களும், கடைசியில் ஒரே ஒரு 7ம் விழுந்தன.

எதை எதற்குக் கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம். பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். சுறுசுறுப்புக்கு 16. உடம்புக்கும் விவேகத்துக்கும் 14, 14. அந்த 7ஐக் கொண்டுபோய் வசீகரத்தில், அதாவது நாலு பேரிடம் பேசுகிற சாமர்த்தியத்தில் போட்டாள். "ஏம்மா அதுல போட்டே?" என்று கேட்டேன். "இவளுக்கும் பேச வராதும்மா" என்றாள். 'இவளுக்கும்' என்ற அந்த ஒரு சொல் எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ நாள் நான் கேட்டும் அவள் சொல்லாததை அந்த நோட்டுப் பக்கம் சொல்லிவிட்டது.

ஆளுக்குப் பேர் வள்ளி. வில் எடுத்த பெண், காட்டு வழி தெரிந்தவள். தொழில் என்ற இடத்தில் 'தேன் எடுக்கிறவர் மகள்' என்று எழுதினாள். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தேனும் சாமையும் கொண்டுவருவதைப் பார்த்தே வளர்ந்தவள் அல்லவா? போனில் இந்த இடத்தில் ஒரு பட்டியல் வருகிறது. கோவில் சேவகர், பண்டிதர், சிப்பாய் என்று இங்கிலீஷில் இருக்கும். சொந்தமாக எழுதிக்கொள்ளவும் வழி உண்டு என்று பெரியவன் சொன்னான். ஆனால் பட்டியலைக் காட்டினால் பிள்ளை பட்டியலில் இருப்பதைத்தானே எடுக்கும்? வெறும் கோடு போட்ட இடத்தைக் காட்டினால்தான் தன் மனசிலிருந்து எடுக்கும். அதுவும் தமிழிலேயே எழுதலாம். யார் தடுக்கப் போகிறார்கள்?

இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் நாலாவது நாள் தெரிந்தது. ஓரகத்தி மகன் கையில் இருந்தது அவன் அப்பாவின் போன். அன்றைக்கு அவருக்கு ஆரணியில் வேலை. பையன் வெறுங்கையோடு வந்து நின்றான். "பெரியம்மா, எங்கப்பா போன எடுத்துகினு பூட்டாரு. என் மந்திரவாதி அதுலதான் கீறான்" என்றான். பாவமாக இருந்தது. தன் ஆளின் பேரைத் தவிர அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. எந்த ஊர்க்காரன், எத்தனை மந்திரம், எதற்காகக் கிளம்பினான், ஒன்றும் தெரியவில்லை. படித்தும் பார்த்திருக்கிறான், தொட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறான், மனசில்தான் நிற்கவில்லை.

அன்று கதையில் ஆற்றுப் பாலம். காவல்காரன் வழி மறித்து, "யார் நீங்க? எந்த ஊரு? எதுக்கு வந்தீங்க?" என்று கேட்கிறான். சாதாரணமாக முன்னால் நின்று பேசுகிறவன் மந்திரவாதிதான். அவன் வாயை மூடிக்கொண்டான். மற்ற இரண்டு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்கு என் மகளின் குரல் கேட்டது.

"என் பேரு வள்ளி. எங்கப்பா மலையில தேன் எடுப்பாரு. போன மாசம் போனவரு திரும்பி வரல. அவரத் தேடித்தான் வந்தேன். எனக்குப் பேசத் தெரியாது. ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். வழி விடுங்க."

ஒரு மூச்சில் அத்தனையும் சொன்னாள். கீரையைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டேன். பதினைந்து வந்தால்தான் காவல்காரன் வழி விடுவான். வசீகரம் 7 என்பதால் உருட்டுகிற எண்ணில் இரண்டு குறைத்துக்கொள்ள வேண்டுமாம். கட்டையில் விழுந்தது 17. இரண்டு போகப் பதினைந்து. கூடத்தில் எழுந்த கூச்சலில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "இன்னாடி, யாராச்சும் பாஸாயிட்டாங்களா?" என்று கேட்டார்.

இதை வைத்துப் போனே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

ஒரு சண்டையில் வள்ளி அடிபட்டு விழுந்துவிட்டாள். அவளுக்கு உயிர்ப்புள்ளி பத்து, பட்ட அடியும் பத்து. கணக்கு தீர்ந்தது. என் மகள் முகம் சுண்டிப் போயிற்று. அப்போது ஓரகத்தி மகன், "இரு, நான் வள்ளியைப் போன்ல போட்டுப் பாக்கறேன்" என்று அவளுடைய எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினான். போன் பன்னிரண்டு என்று காட்டியது. வில்லாளிக்கு ஆரம்பத்தில் பத்துப் புள்ளி. உடம்பின் மார்க்கில் பத்தைக் கழித்து, மிச்சத்தில் பாதியை அதோடு சேர்க்க வேண்டும். பதினாலில் பத்துப் போனால் நாலு, அதில் பாதி இரண்டு. அந்த இரண்டைக் கூட்டாமல் விட்டிருந்தார்கள், இத்தனை நாளாக யாரும் கவனிக்கவில்லை. பெரியவன் சிரித்துக்கொண்டே, "அந்த ரெண்டு புள்ளி முதல்லேர்ந்தே உன்னோடதுதான். எழுந்துக்கோ" என்றான். வள்ளி பிழைத்தாள். அவளைப் பிழைக்க வைத்தது போன்தான், இல்லை என்று சொல்ல முடியுமா?

கணக்கில் போனுக்கு மறதி கிடையாது. விதிகள் மாறினால் அதுவே மாற்றிக்கொள்ளும். ஆள் வளர வளர எண்களைத் தானே கூட்டிக் கொடுக்கும். நோட்டில் அழித்து அழித்து எழுதிப் பக்கம் ஓட்டையாகிற தொல்லை இல்லை. வெளியூரில் இருக்கும் சிநேகிதர்களோடு ஆடுகிறவர்களுக்கு அதைப்போல் வசதி வேறில்லை. கொரோனா வந்த 2020ல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் பலர் இப்படித்தான் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில பிள்ளைகளுக்குப் புத்தி நன்றாகவே இருக்கும், கையால் எழுதுவதுதான் மலையைத் தூக்குகிற மாதிரி இருக்கும். இது சோம்பேறித்தனம் இல்லை. டிஸ்கிராஃபியா என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பரீட்சையிலேயே கூடுதல் நேரமும் எழுதித் தர ஆளும் அனுமதிக்கிறார்கள். அப்படியிருக்க, விளையாட்டில் போய் "கையால்தான் எழுதணும்" என்று கட்டாயப்படுத்துவது நியாயமா? அந்தப் பிள்ளை வாயால் சொல்லட்டும், நாம் எழுதிக் கொடுப்போம். அல்லது போனில் தட்டட்டும். ஆள் அவன் மனசிலிருந்து வந்தால் சரி.

ஆக, சகோதரிகளே, நான் கண்டதை இரண்டு வார்த்தையில் சொல்கிறேன். கணக்கைக் கருவி பார்க்கட்டும், கதையைப் பிள்ளை எழுதட்டும். 'நீ யார்?' என்ற கேள்விக்குப் பட்டியலிலிருந்து பதில் எடுத்துக் கொடுக்காமல், பிள்ளையைக் கொஞ்சம் திண்டாட விட வேண்டும். அந்தத் திண்டாட்டத்தில்தான் அது தன்னைத் தேடுகிறது. பேசத் தெரியாத ஒருத்தியைப் படைத்த பிறகுதான் என் மகளுக்குப் பேச ஒரு இடம் கிடைத்தது.

உங்கள் வீட்டில் ஆரம்பிக்க நினைத்தால் பெரிய செலவு ஒன்றும் இல்லை. தடித்தடியாக விலை போட்ட புத்தகங்கள் வேண்டாம். அடிப்படை விதிகளைக் காசில்லாமலே இணையத்தில் படிக்கலாம். 2023 ஜனவரியில் விதிகளின் பெரும் பகுதியை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அந்தக் கம்பெனியே விட்டுக் கொடுத்துவிட்டது. பெரிய பிள்ளை ஒன்று படித்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதும்.

இருபது முகக் கட்டை கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. 1979ல் கட்டைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, விற்றவர்களே பெட்டிக்குள் எண் போட்ட அட்டைத் துண்டுகளை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நாமும் பழைய கல்யாணப் பத்திரிகையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்று முதல் இருபது வரை எழுதி, ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த துண்டை உடனே டம்ளரில் திருப்பிப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு கெட்டுவிடும். ஆறு முகக் கட்டைக்கு லூடோ பெட்டியில் இருப்பதே போதும்.

பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பேனா வேண்டாம். உயிர்ப்புள்ளி ஏறும், இறங்கும். நோட்டில் இடது பக்கம் எண்கள், வலது பக்கம் கதை என்று பிரித்துக்கொண்டால் அழித்து எழுதும்போது கதை கெடாது. எழுதி முடித்த பிறகு ஒரு தடவை போனில் எண்களைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டு போனை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். ஆடுகிற இரண்டு மணி நேரமும் கண்ணுக்கு ஓய்வு.

வீட்டில் கைக்குழந்தையோ சின்னக் குழந்தையோ இருந்தால் இது இன்னும் முக்கியம். அண்ணன் கையில் போன் ஒளிர்ந்தால் தம்பியின் கண் அங்கேதான் போகும். இரண்டு முதல் நாலு வயசு வரையுள்ள பிள்ளைகள் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்க வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லியிருக்கிறது. ஒரு வயசுக்குள் என்றால் திரையே கூடாது. மேஜையில் நோட்டு இருந்தால் சின்னதுகளும் கலர் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து வள்ளிக்கு ஒரு வில் வரைந்து கொடுக்கும். கட்டைகளையும் துண்டுகளையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கூட உட்கார்ந்து கேளுங்கள், ஆனால் குறுக்கே பேசாதீர்கள். "அந்த மார்க்கை இதுல போடு, அப்பத்தான் ஜெயிப்பே" என்று சொல்ல நமக்கு நாக்கு துடிக்கும். சொன்னால் அது நம் ஆளாகிவிடும், பிள்ளையின் ஆளாக இருக்காது. எந்தக் குணத்தில் குறைவான எண்ணைப் போடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஏன் என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள்.

விடுமுறை முடியும்போது ஓரகத்தி மகன் தன் மந்திரவாதியை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான். போனில் இருந்ததைப் பார்த்து எழுத ஆரம்பித்தவன், பாதியில் போனை வைத்துவிட்டு, மந்திரவாதிக்கு ஒரு பாட்டியையும் ஒரு திண்ணையையும் சேர்த்துவிட்டான். என் மகள் பள்ளிக்கூடத்தில் இன்னும் கலகலவென்று பேசிவிடவில்லை. ஆனால் காலாண்டு லீவில் வள்ளியின் நோட்டை எடுத்து, வசீகரத்தில் இருந்த 7ஐ அழித்தாள். "அப்படியெல்லாம் மாத்தக் கூடாது" என்று அண்ணன் சண்டைக்கு வந்தான். ஆள் வளரும்போது எண்ணைக் கூட்ட விதியிலேயே இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு வள்ளி இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும் என்றான். "சரி, அதுக்குள்ள நான் ஞாபகமா வச்சிக்கிறேன்" என்று சொல்லி, அழித்த இடத்தில் மறுபடியும் 7 என்று எழுதி, பக்கத்திலேயே பென்சிலால் சின்னதாக ஒரு 8ம் போட்டு வைத்தாள்.